தேதியைத் தேடுங்கள்: பொது நிர்வாக முதுகலையில் சமூகநீதி ஆய்வேடு செய்யும் முறை

பொது நிர்வாகத்தில் எம்.ஏ. சேரும் பலர் சமூகநீதியைத் தங்கள் துறையாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் இரண்டாம் ஆண்டின் முடிவில் கைக்கு வரும் ஆய்வேட்டில் மூன்று இயல்கள் அரசமைப்புச் சட்டத்தின் பிரிவுகளையும் நலத்திட்டங்களின் பட்டியலையும் திருப்பிச் சொல்கின்றன. கடைசி இயல் "மக்களிடையே விழிப்புணர்வு தேவை" என்று முடிந்துவிடுகிறது. மாணவர் உழைக்காமல் இப்படி ஆவதில்லை. கேள்வி அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதால் ஆகிறது.

நிர்வாகத்தில் நீதி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒரு தேதியில்தான். விதி ஏழு நாள் என்கிறது, பணம் நூறாவது நாள் வருகிறது என்றால், இடையிலிருக்கும் 93 நாட்களைக் கோப்பு எங்கெங்கே கழித்தது என்று காட்டுவது பொது நிர்வாகம் படித்தவரின் வேலை. வழக்கறிஞர் தீர்ப்பைப் பார்ப்பார், சமூகவியல் படித்தவர் ஊரைப் பார்ப்பார். கோப்பின் பயணத்தைப் பார்க்கப் பயிற்சி பெற்றவர் நீங்கள்தான். கல்லூரித் தேர்விலிருந்து வாய்மொழித் தேர்வு வரை கீழே வரும் எல்லாமே அந்த ஒரு வேலைக்கான ஆயத்தம்.

எங்கே படிப்பது

சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இரண்டிலும் அரசியலும் பொது நிர்வாகமும் சேர்ந்த துறைகள் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாக எம்.ஏ. இருக்கிறது. 'பொதுக் கொள்கை' என்ற பெயரில் அக்கம்பக்கப் படிப்புகளும் வந்துவிட்டன: டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஐதராபாத் வளாகம், பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி ஆகியவை அவற்றுள் சில. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட்-பிஜி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதன் விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியை ஒட்டியே தொடங்கிவிடும். பட்டப்படிப்பின் கடைசித் தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஓர் ஆண்டு போய்விடும்.

பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். பாடத்திட்டத்தை இறக்கி நான்கு விஷயங்களைத் தேடுங்கள். ஆய்வேடு கட்டாயமா, அதற்கு எத்தனை கிரெடிட்? நிதி நிர்வாகத் தாள் இருக்கிறதா, அதில் வரவு செலவுத் திட்ட ஆவணங்களை வாசிக்கச் சொல்லித் தருகிறார்களா? ஆய்வு முறையியல் முதல் ஆண்டிலேயே வருகிறதா? நிர்வாகச் சட்டம் தனித் தாளாக உண்டா? 'சமூகநீதி' என்ற தலைப்பில் விருப்பத் தாள் இருப்பதைவிட இந்த நான்கும் இருப்பது முக்கியம். ஆய்வு முறையியல் மூன்றாம் பருவத்தில்தான் என்றால், அதை நீங்களாகவே முன்கூட்டிப் படித்தாக வேண்டும். காரணம் கீழே தகவல் உரிமைப் பகுதியில் புரியும்.

பணம் பற்றி இரண்டு சொல். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு ₹2.5 லட்சம். மத்திய, மாநில அரசுகள் செலவை 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின்னும் பணம் வராமல் போவதற்கு அடிக்கடி காணப்படும் காரணம், வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு முழுமையாகாமல் இருப்பது. கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது. நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்குதான் என்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். சேர்ந்த வாரத்திலேயே வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள், அதில் பெண்களுக்கு 30 விழுக்காடு. ஆனால் 2022-23 வழிகாட்டு நெறிமுறையில் ஒரு மாற்றம் வந்தது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களுக்கு இந்த உதவி இல்லை என்றாக்கினார்கள். இந்தியாவில் சாதியை வெளிநாட்டில் படிக்க விரும்பும் பட்டியல் சாதி மாணவரை நேராகத் தாக்கும் விதி அது. தவறான முடிவு என்பதில் ஐயமில்லை. விண்ணப்பிக்கும் ஆண்டின் நெறிமுறையில் அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிட்டே பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். அந்த வழி அடைபட்டால், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித் திட்டத்தின் நெறிமுறையையும் பாருங்கள்.

முதல் ஆண்டில் கற்க வேண்டியவை

கோட்பாட்டில் ஒரு திருப்பத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 1968இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மின்னோபுரூக் மையத்தில், டுவைட் வால்டோவின் முயற்சியில் இளம் அறிஞர்கள் கூடினார்கள். அதுவரை நிர்வாகத்தை இரண்டு அளவுகோல்களால் அளந்தார்கள்: குறைந்த செலவு, மிகுந்த பயன். அந்தக் கூட்டத்தில் பங்கேற்ற ஜார்ஜ் பிரெடரிக்சன் மூன்றாவதாகச் சமூக ஒப்புரவைச் சேர்த்தார். சேவை சிக்கனமாக நடந்தால் மட்டும் போதாது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி அதற்கு முன்பே அரசாணையாக வந்துவிட்டது. சென்னை மாகாணத்தின் 1921 வகுப்புவாரி அரசாணையைச் சமூகநீதியின் தொடக்கம் என்று எல்லோரும் எழுதுவார்கள். அதில் பொது நிர்வாக மாணவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. துறைத் தலைவர்கள் தாங்கள் பணியமர்த்தியவர்களை வகுப்புவாரியாகப் பிரித்து அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும் என்றது அந்த ஆணை. கொள்கையோடு சேர்ந்தே ஒரு படிவமும் ஒரு காலக்கெடுவும் பிறந்தன. எண்ணிக்கை கேட்கப்படாத இடத்தில் ஒதுக்கீடு காகிதத்தில் நின்றுவிடும் என்பதை அன்றைக்கே புரிந்து வைத்திருந்தார்கள்.

சட்டத்தில், அரசமைப்பின் 15(4), 16(4), 17, 46, 243டி, 338, 340 ஆகிய பிரிவுகள் விரல் நுனியில் இருக்கட்டும். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தந்தது, அந்தச் சட்டம் 1994இல் 76ஆவது திருத்தத்தின் வழியே ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆய்வுக்குச் சட்டத்தைவிட விதிகள்தான் பயன்படும். சட்டம் "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று சொல்லும். எந்த அலுவலர், எத்தனை நாளில், எந்தப் பதிவேட்டில் என்பது விதிகளிலும் அரசாணைகளிலும் இருக்கும்.

கேள்வியைச் சிறிதாக்குவது

ஆய்வேட்டின் தலைவிதி இங்கேதான் முடிவாகிறது. மீதி எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். "தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் மீதான வன்கொடுமைகள்: ஓர் ஆய்வு" என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். இதற்கு ஆறு மாதம் போதாது, ஆறு ஆண்டும் போதாது. இதை ஆய்வுக் கேள்வியாக்க மூன்று தேவை: எழுதப்பட்ட ஒரு நெறி, அதைச் செய்யக் கடமைப்பட்ட ஓர் அலுவலகம், அது நடந்ததா என்று காட்டும் ஒரு பதிவேடு.

பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன் விதிகள் 1995இல் வந்து 2016இல் பெருமளவு திருத்தப்பட்டன. விதிகளைப் புரட்டினால் கேள்விகள் தாமாக எழும். விதி 7: விசாரணை அதிகாரி துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், 60 நாளில் விசாரணை முடிய வேண்டும். விதி 12(4): பாதிக்கப்பட்டவருக்குத் தீருதவி, அதாவது அரசு தரும் நிவாரணம், ஏழு நாளில் போய்ச் சேர வேண்டும். விதி 16: முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். விதி 17: ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்.

இப்போது தலைப்பு இப்படி மாறும்: "இன்ன மாவட்டத்தில் மூன்று ஆண்டுகளில் விழிக்கண் குழு எத்தனை முறை கூடியது, தீருதவி தாமதத்தைப் பற்றி என்ன முடிவெடுத்தது, அந்த முடிவுக்குப் பின் தாமதம் குறைந்ததா?" ஒரு மாவட்டம், மூன்று நிதியாண்டு, பன்னிரண்டு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். ஒரே மாணவர் ஓராண்டில் முடிக்கக்கூடிய வேலை. வழிகாட்டி "சின்னதாக இருக்கிறதே" என்று தயங்கினால், விதியையும் பதிவேடுகளின் பட்டியலையும் ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். சிறிய கேள்விக்கு உறுதியான விடை வரும்.

இதே அச்சில் வேறு பொருள்களும் வார்க்கலாம். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் அதை வழங்குபவர் வட்டாட்சியர் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். விண்ணப்பம் கிராமத்திலிருந்து கோட்டாட்சியர் வரை போய்த் திரும்பும் பாதையில் எங்கே நிற்கிறது என்பது முழு ஆய்வுக்குத் தாங்கும். கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கான இழப்பீடு இன்னொன்று: 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ₹10 லட்சம் என்றது, 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை ₹30 லட்சமாக்கியது. தொகையையும் தேதியையும் வைத்துக்கொண்டு நகராட்சிப் பதிவேடுகளைப் பார்க்கலாம்.

தகவல் உரிமை மனு: எப்போது, எப்படி

நான்காம் பருவம் தொடங்கியபின் மனுப் போடுபவர்களுக்குத் தகவல் ஆய்வேடு கொடுத்த பிறகுதான் வரும். கணக்கு எளிது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ முதல் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். அதை முடிவு செய்ய 30 நாள், காரணம் சொல்லி 45 வரை நீட்டலாம். அதன்பின் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம். ஆணையம் விசாரிக்கும் நாளை நம்பித் திட்டம் போடவே கூடாது. ஆகவே முதல் மனு இரண்டாம் பருவத் தேர்வு முடிந்த வாரத்தில் போக வேண்டும். அதற்குள் கேள்வி தெளிவாகியிருக்க வேண்டும். முறையியலை முன்கூட்டிப் படியுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கு ₹10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவருக்குச் சான்றோடு கட்டணமில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள். 30 நாளின் கணக்கு மனு அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும். அலுவலகம் மாறிப் போய்விட்டால் பிரிவு 6(3)இன்படி அவர்களே ஐந்து நாளில் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனாலும் நேராக மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கே எழுதினால் நாள் மிச்சமாகும்.

மனுவில் நடக்கும் பெரிய பிழை, "ஏன்" என்று கேட்பது. "ஏன் தீருதவி தாமதமாகிறது?" என்றால், "கோரப்படுவது தகவல் வரையறைக்குள் வராது" என்ற ஒரு வரிப் பதில் வரும், அது சட்டப்படி சரியாகவும் இருக்கும். இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். இப்படி எழுதலாம்:

1. 1.4.2021 முதல் 31.3.2024 வரை நடந்த மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டங்களின் தேதிகள்.
2. ஒவ்வொரு கூட்டத்தின் கூட்ட அழைப்பு, நடவடிக்கைக் குறிப்பு, வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல்.
3. மேற்படி காலத்தில் தீருதவி வழங்கிய ஆட்சியரின் செயல்முறை ஆணைகளின் எண், தேதி, தொகை, சட்டப் பிரிவு. பெயரும் முகவரியும் தேவையில்லை.
4. மேற்படி ஆணைகள் தொடர்பான கோப்புகளையும் அவை பதிவாகியுள்ள தன்பதிவேட்டையும் நேரில் பார்வையிட நாளும் நேரமும்.

மூன்றாவதில் "பெயர் தேவையில்லை" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி, தனிநபர் தகவல் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க வழி செய்துவிட்டது. பெயரை நீங்களே விலக்கிவிட்டால் மறுக்கும் காரணம் ஒன்று குறையும். பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்புக்கும் அதுவே சரி. நான்காவதுதான் எல்லாவற்றிலும் பயன் மிக்கது. பார்வையிடும் உரிமை பிரிவு 2(ஜே)யில் இருக்கிறது, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. நகல் கேட்டால் வேண்டியதை மட்டும் கொடுப்பார்கள். கோப்பை நேரில் புரட்டினால் கேட்கத் தெரியாததும் கண்ணில் படும்.

கோப்பிலிருந்து எதைக் குறிப்பது

தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஒரு கடிதம் வந்ததும் பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, உரிய உதவியாளரிடம் போய், அவருடைய தன்பதிவேட்டில் வந்த நாள், நடவடிக்கை, அனுப்பிய நாள் என்று பதிவாகும். கோப்பின் மேல் இருக்கும் ந.க. எண் (கோப்பு எண்) கிடைத்தால் கோப்பின் வாழ்க்கை வரலாறு கிடைத்த மாதிரி. ஒவ்வொரு தீருதவிக் கோப்புக்கும் ஒரு வரி, ஏழு கட்டங்கள் என்று அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்: முதல் தகவல் அறிக்கை நாள், காவல்துறை முன்மொழிவுக் கடித நாள், அது நல அலுவலகத்துக்கு வந்த நாள், சாதிச் சான்று சேர்ந்த நாள், ஆட்சியர் ஆணை நாள், கருவூலத்துக்குப் பட்டியல் போன நாள், வங்கியில் வரவான நாள்.

கடிதத்தின் நாளையும் அது வந்து சேர்ந்த நாளையும் ஒன்றாக எண்ணுவது வழக்கமான தவறு. கடிதத்தில் 3ஆம் தேதி இருக்கும், வருகை முத்திரையில் 21ஆம் தேதி இருக்கும். அந்த 18 நாளுக்கு நல அலுவலகத்தைக் குறை சொன்னால் உங்கள் முடிவே தவறாகிவிடும். முத்திரை மங்கியிருந்தால் பகிர்மானப் பதிவேட்டில் சரிபாருங்கள்.

இன்னொரு பொறி தவணை. தீருதவித் தொகை குற்றத்தைப் பொறுத்து ₹85,000 முதல் ₹8,25,000 வரை போகும். பல குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை என்று மூன்று கட்டமாக வரும், விகிதமும் குற்றத்துக்குக் குற்றம் மாறும். குற்றப்பத்திரிகைக்குப் பின் வர வேண்டிய தவணையை முதல் தகவல் அறிக்கை நாளிலிருந்து எண்ணினால் இல்லாத தாமதம் ஒன்றை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். முதல் தவணையை மட்டும் தனியாக எடுத்து அளப்பது பாதுகாப்பான வழி.

கூட்டக் குறிப்புகளில் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். விதி 17இன்படி அதிகபட்சம் ஐந்து பட்டியல் சாதி, பழங்குடி அலுவல்சாரா உறுப்பினர்கள் இருக்கலாம். அவர்கள் வந்தார்களா, பேசினது குறிப்பில் ஏறியதா, அடுத்த கூட்டத்தில் "முந்தைய கூட்ட முடிவின் மீது எடுத்த நடவடிக்கை" என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். தேதியும் எண்களும் மாறி, வாசகம் மட்டும் அப்படியே இருக்கும் குறிப்புகள் வரிசையாக வந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பிற்சேர்க்கையில் கொடுங்கள்.

நிதி ஆவணங்களை வாசிப்பது

"நிதி ஒதுக்கீடு இல்லை" என்று கோப்பில் ஒரு வரி வரும். அதை அப்படியே நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம், சரிபாருங்கள். அரசுக் கணக்கில் நான்கு இலக்கம் பெருந்தலைப்பு. 2இல் தொடங்கினால் வருவாய்ச் செலவு, 4இல் தொடங்கினால் மூலதனச் செலவு. 2225 என்பது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலம். அதன் கீழே வரும் மூன்று இலக்கச் சிறுதலைப்பில் 789 பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறு, 796 பழங்குடியினர் துணைத்திட்டம். இந்த இரண்டு எண்களும் கல்வி, சுகாதாரம், சாலை என்று எல்லாத் துறைகளின் கீழும் வரும். மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிக்கை 10ஏ, 10பி இரண்டையும் பாருங்கள்.

ஒவ்வொரு வரியிலும் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று மூன்று எண்கள் உண்டு. உண்மைச் செலவு இரண்டு ஆண்டு பின்தங்கியே வரும். 2025-26 புத்தகத்தில் 2023-24இன் செலவுதான் இருக்கும். ஓராண்டின் மதிப்பீட்டை இன்னோர் ஆண்டின் செலவோடு ஒப்பிட்டு "குறைத்துவிட்டார்கள்" என்று எழுதுவது மாணவர்கள் மட்டுமல்ல, பத்திரிகைகளும் செய்யும் தவறு. மூன்று ஆண்டின் உண்மைச் செலவைச் சேகரிக்க மூன்று வெவ்வேறு புத்தகங்கள் வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. 789இன் கீழ் அந்த அளவு பணம் காட்டப்பட்டிருந்தால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பொதுத் திட்டத்தின் செலவில் ஐந்தில் ஒரு பங்கை அப்படியே 789க்கு எழுதிவிட முடியும். யாருக்குப் போனது என்று பெயர்ப் பட்டியலோ குடியிருப்புப் பட்டியலோ காட்ட முடியாத செலவைத் தனிப் பத்தியில் பிரித்து எழுதுங்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே 2024இல் பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியது. சட்டத்துக்கு முந்திய செலவையும் பிந்திய செலவையும் ஒப்பிடும் ஆய்வுகளுக்கு இனிதான் காலம்.

குற்றப் புள்ளிவிவரம் பற்றியும் ஒன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது பதிவான வழக்குகளை. பதிவு குறைந்த மாவட்டம் அமைதியான மாவட்டம் என்று பொருளல்ல. காவல் நிலையம் புகாரை வாங்காத மாவட்டமாகவும் இருக்கலாம். பட்டியல் சாதியினர் மீதான குற்றங்களுக்கு, ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்ற வீதமும் 2011 மக்கள்தொகையை வைத்தே போடப்படுகிறது. மாவட்டங்களை வரிசைப்படுத்த இதைப் பயன்படுத்த வேண்டாம்.

ஊருக்குள் போகும்போது

இருபத்தைந்து குடும்பம், எட்டு முதல் பத்து அலுவலர்கள் என்ற அளவு முதுகலைக்குப் போதும். யாரோடு முதல்முறை காலனிக்குள் நுழைகிறீர்கள் என்பது மிக முக்கியம். கிராம உதவியாளரோடு போனால் உங்களை அரசாங்கமாகப் பார்ப்பார்கள், குறை எதுவும் வெளிவராது. ஒரு கட்சிக்காரரோடு போனால் மற்றக் கட்சி வீடுகள் மூடிக்கொள்ளும். அந்தப் பகுதியில் வேலை செய்யும் வழக்கறிஞர், ஆசிரியர், பெண்கள் குழுப் பொறுப்பாளர் இவர்களில் ஒருவர் வழியாகப் போவது நல்லது. ஊர்ப் பக்கம் தங்கி, அங்கே சாப்பிட்டு, காலனிக்கு நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் வந்து போகும் ஆளிடம் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள், பாயில் உட்காருங்கள். கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் பகலில் ஆள் இருக்காது. மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும் குடும்பத்திடம் சம்பவத்தைச் சொல்லச் சொல்லாதீர்கள். உங்கள் கேள்வி தீருதவியைப் பற்றியது, சம்பவத்தைப் பற்றியது அல்ல. நீங்கள் எழுதி வைக்கும் வாக்குமூலம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் கிடைத்தால் சாட்சியத்தோடு முரண்படுத்திக் காட்ட முடியும். "எத்தனை முறை அலுவலகத்துக்குப் போனீர்கள், எந்தக் காகிதம் கேட்டார்கள், போக வர எவ்வளவு செலவானது, எத்தனை நாள் கூலி போனது?" இவை போதும். பேருந்துக் கட்டணம், ஜெராக்ஸ், கூலி இழப்பு மூன்றையும் ரூபாயில் கூட்டுங்கள். முதல் தவணைத் தொகையில் அது எத்தனை பங்கு என்று பார்த்தால் அலைச்சல் எண்ணாக மாறும்.

பெயரை மாற்றிவிட்டால் மறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒன்றியத்தின் பெயர், சம்பவ மாதம், குற்றப் பிரிவு மூன்றும் இருந்தாலே உள்ளூரில் யாரென்று தெரிந்துவிடும். அலுவலர்களுக்கும் அப்படியே: மாவட்டத்தில் அந்தப் பதவியில் ஒருவர்தான் இருப்பார். "நல அலுவலக ஊழியர் ஒருவர்" என்று எழுதுங்கள்.

எண்ணை எழுத்தாக்குவது

ஒன்பது கோப்புகளில் முதல் தவணை வந்த நாட்கள் 5, 6, 7, 11, 19, 24, 40, 88, 310 என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஏறத்தாழ 57 நாள். ஒரே ஒரு 310 அதை அங்கே இழுத்துவிட்டது. நடுவெண் 19. ஏழு நாளுக்குள் வந்தவை ஒன்பதில் மூன்று. ஆய்வேட்டில் எழுத வேண்டியது கடைசி இரண்டும். 310 நாள் கோப்பைத் தூக்கி எறியாமல் தனியாக இரண்டு பக்கம் எழுதுங்கள். சாதிச் சான்றுக்காக நின்றதா, ஒதுக்கீட்டுக்காக நின்றதா, உதவியாளர் மாறுதலில் போனதால் நின்றதா என்பதில்தான் நிர்வாகத்தின் நோய் தெரியும்.

கோப்புகள் முப்பதுக்குக் குறைவென்றால் விழுக்காடு போடாமல் "ஒன்பதில் மூன்று" என்றே எழுதுங்கள். 33.33 விழுக்காடு என்பது இல்லாத துல்லியத்தைக் காட்டும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் கை-வர்க்கச் (chi-square) சோதனை போட்டே ஆக வேண்டும் என்று சில துறைகளில் வற்புறுத்துவார்கள். இத்தனை சிறிய எண்ணிக்கைக்கு அது பொருந்தாது என்பதை முறையியல் இயலில் ஒரு பத்தியாக எழுதிவிட்டால் வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

பரிந்துரைகளில் "கடுமையான நடவடிக்கை", "விழிப்புணர்வு" என்ற சொற்களை எழுதாமல் இருக்கப் பாருங்கள். ஒவ்வொரு பரிந்துரைக்கும் யார் செய்ய வேண்டும், எந்த விதியின் கீழ் செய்ய அதிகாரம் இருக்கிறது, கூடுதல் பணம் தேவையா என்ற மூன்றும் வேண்டும். "முன்மொழிவுப் படிவத்திலேயே சாதிச் சான்று எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்க்கலாம், வருவாய்த் துறையின் இணையப் பதிவில் நல அலுவலகமே அதைச் சரிபார்க்கலாம்" என்பது பரிந்துரை. அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

வாய்மொழித் தேர்வுக்கு முன் ஆய்வேட்டின் சாரத்தைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, ஏழு கட்ட அட்டவணையை இணைத்து, மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலருக்கும் விழிக்கண் குழுவின் அலுவல்சாரா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பாக அனுப்பினால் அழைப்பில் சேர்க்க நேரம் இருக்கும். பேசிய குடும்பங்களுக்கு நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள். ஏதாவது வரி தங்களை அடையாளம் காட்டுகிறது என்று அவர்கள் சொன்னால், நூலகப் படி கட்டும் முன் அதை எடுத்துவிடுங்கள்.